லண்டன், பெர்லினில் கட்டட வேலை நடக்கும்போது ஆய்வுக்குப் போனால் காசுகளையும் நூல்களையும் பார்க்க விடுவார்களா?

வெள்ளாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு, இது மூன்றாவது வருடம். 1898 இல் எங்கள் பகுதியில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் 500க்கும் மேற்பட்ட ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். அவற்றில் பல இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்தக் காசுகளின் விசேஷம், பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருப்பார்கள். ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். செல்லாக் காசாக்கத்தான் வெட்டினார்கள் என்பது ஒன்று. என் ஆய்வில் ஓர் இயல் முழுக்க இந்த வெட்டைப் பற்றித்தான்.

ஒரு சிறிய பயண உதவித்தொகை கிடைத்திருக்கிறது. அடுத்த மே மாதம் லண்டனில் நான்கு வாரம், பெர்லினில் ஒரு வாரம் என்று போட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் பிரிட்டிஷ் மியூசியத்தின் மேற்குப் பகுதியை மொத்தமாக மாற்றிக் கட்டப் போகிறார்கள் என்று படிக்கிறேன். பெர்லினில் பெர்கமோன் மியூசியம் 2023 இலிருந்தே மூடிக் கிடக்கிறதாம். நூலகங்களைப் பற்றியும் பயமாக இருக்கிறது. கிரேக்க ரோமானிய ஆய்வுக்கென்றே லண்டனில் தனி நூலகம் இருக்கிறது, ஆனால் எந்தப் பல்கலைக்கழக அட்டையும் இல்லாத என்னைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா, அடுக்குகளை இடம் மாற்றும் நேரத்தில் விருந்தாளி வாசகர்களைத்தானே முதலில் நிறுத்துவார்கள் என்று ஒரே குழப்பம்.

இவ்வளவு பயப்படக் காரணம் இருக்கிறது. போன வருடம் ஒரு வெளிமாநில அருங்காட்சியகத்துக்கு இரவு முழுக்கப் பேருந்தில் போய் இறங்கினேன். நாணயக் கூடத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, பசை காய்ந்து ஓரம் மடங்கி, தேதி எதுவும் இல்லாமல், ‘பராமரிப்புப் பணி’ என்று மட்டும். காவலாளி நல்ல மனிதர், ஆறு மாதமாகவே இப்படித்தான் இருக்கிறது அம்மா என்றார். அவர்களுடைய இணையதளத்தில் அன்றைக்கும் அந்தக் கூடம் திறந்திருப்பதாகத்தான் போட்டிருந்தது. அது பேருந்துக் கட்டணத்தோடு போயிற்று. இது விமான டிக்கெட், விசா, உதவித்தொகை எல்லாம் சேர்ந்த விஷயம். இரண்டாவது முறை கேட்டால் கொடுக்க மாட்டார்கள். போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள், தேதியைத் தள்ளி வைக்கட்டுமா?


ஈஸ்ட்ஹாம் வாசகி எழுதியது:

தள்ளி வைக்காதே தங்கச்சி. கட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தால் உன் ஆய்வு முடிந்து, வேலைக்குப் போய், அதன் பிறகும் காத்திருக்க வேண்டியிருக்கும். நான் லண்டனில்தான் பண்டைய வரலாறு படித்தேன், இந்தக் கட்டட வேலைகளோடு பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்காதே, பொருள் எங்கே இருக்கிறது என்று கேள். கூடம் வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு. உனக்கு வேண்டியது அந்தக் காசு. அது எந்தப் பெட்டியில், எந்த மாடியில், யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கூடம் மூடியிருக்கும்போதும் பொருளைப் பார்க்க முடியும். கூடம் திறந்திருக்கும்போதே பொருள் வேறு நாட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்கவும் கூடும், அதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் மேற்குப் பகுதி விஷயம். அந்த வேலைக்கு 2025 பிப்ரவரியில் லினா கோத்மே என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மியூசியத்தின் காட்சிக்கூடப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் வருகிறது. எகிப்தியச் சிற்பங்கள், அசீரியப் புடைப்புச் சிற்பங்கள், ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தெனான் கோயிலின் சிற்பங்கள் இருக்கும் 18 ஆம் அறை எல்லாம் அந்தப் பக்கம்தான். அங்கே கூரை நிலைமை கொஞ்ச காலமாகவே மோசம். 2021 கோடையில் மழைநீர் ஒழுகி, கொரோனாவுக்கு மூடிய கிரேக்கக் கூடங்கள் அந்த டிசம்பர் வரை திறக்கவே இல்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம். அப்போது பார்த்தெனானைப் பார்க்கவென்றே வந்தவர்கள் பெரிய முற்றத்தில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் மனசு சங்கடப்படுகிறது. அதனால் வேலை நடக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கல்லின் மேல் தண்ணீர் சொட்டுவதைவிடக் கதவு மூடியிருப்பது மேல்.

ஆனால் உன் காசுகளுக்கும் அந்த மேற்குப் பகுதிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. பணத்தின் வரலாற்றைச் சொல்லும் கூடம் மேல்தளத்தில் 68 ஆம் அறை. அதுவும் உனக்கு முக்கியம் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் காசின் ஒரு முகத்தைத்தான் காட்டுவார்கள். நாணயத் துறைக்கென்று ஆய்வு அறை இருக்கிறது, முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கையில் எடுத்து, விளிம்பைப் பிடித்து, லென்ஸில் பார்க்கலாம். ஒரு நாளுக்குச் சில பேரைத்தான் அனுமதிப்பார்கள், அதுதான் அங்கே நெருக்கடி.

எழுதும்போது ‘புதுக்கோட்டைப் புதையலைப் பார்க்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதே. மியூசியத்தின் இணையத் தொகுப்பில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. உட்கார்ந்து அந்த எண்களை எடு, முக்கியமானதை முதலில் வைத்து வரிசைப்படுத்து, என்ன அளக்கப் போகிறாய், எத்தனை நாள் வேண்டும் என்று எழுது. 2023 ஆகஸ்டில் அங்கே சுமார் 2,000 பொருள்கள் காணாமல், திருடுபோய், சேதமாகிக் கிடந்தன என்று தெரியவந்து பெரிய பிரச்சினை ஆனது. நிறையப் போனது கிரேக்க ரோமானியத் துறையிலிருந்துதான். அதற்குப் பிறகு எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள், அதில் தப்பு இல்லை. எண்ணோடு கேட்கிற ஆளுக்குச் சீக்கிரம் பதில் வரும், ஏனென்றால் அவர்களுக்கும் தேடும் வேலை மிச்சம்.

நூலகத்தைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.


ஸ்பிரேக்கரை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், பெர்லினுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பெர்கமோனை மூட முன்னரும் பார்த்திருக்கிறேன், இப்போது தினமும் ரயிலில் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். பிரீட்ரிக்ஸ்ட்ராசேயிலிருந்து ஹாக்கெஷர் மார்க்ட் போகும் ரயில் பாதை அருங்காட்சியகத் தீவை ஊடறுத்துத்தான் போகிறது, ஒரு பக்கம் போடே மியூசியம், மறுபக்கம் பெர்கமோன். ஜன்னலோரம் இருந்தால் கிரேன்கள் கைக்கெட்டும் தூரத்தில் போகும்.

நிலவரம் இதுதான். பெர்கமோன் என்ற பழைய கிரேக்க நகரத்துப் பெரிய பலிபீடம் இருக்கும் மண்டபம் 2014 இலேயே மூடியாயிற்று. முழுக் கட்டடமும் 2023 ஒக்டோபர் 23 முதல் மூடல். வடக்குப் பக்கமும் பலிபீட மண்டபமும் 2027 இல் திறக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். தெற்குப் பக்கம், அதாவது பாபிலோனின் இஷ்தார் வாசல், மிலேட்டஸ் நகரத்துச் சந்தை வாசல் எல்லாம் இருக்கும் பகுதி, 2037 வரை என்கிறார்கள். ஏன் இவ்வளவு காலம் என்று இங்கே எல்லோரும் கோபப்படுகிறார்கள். எனக்கும் கோபம் இருந்தது, பிறகு விவரம் கேட்டறிந்ததும் குறைந்தது. அந்த வாசல்களைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது, சுவரோடு சுவராக நிற்பவை. அவற்றை அந்த இடத்திலேயே மூடிப் பாதுகாத்துக்கொண்டு, சுற்றிவர வேலை செய்ய வேண்டும். நிலமும் ஆற்றங்கரைச் சேற்று நிலம். அடித்தளத்தைத் தோண்டும்போது, நூறு வருடத்துக்கு முன் கட்டியவர்கள் நீர் இறைக்க வைத்திருந்த பம்ப் நிலையங்களின் கொங்கிரீட் எச்சம் வெளியே வந்தது, எந்த வரைபடத்திலும் அது இருக்கவில்லை. அதோடு செலவும் காலமும் ஏறிவிட்டன.

அதற்காகப் பெர்லின் வாரத்தை நீக்கிவிட வேண்டாம். பெர்கமோன் மூடியிருப்பதால் எதிரே ஒரு தற்காலிகக் கட்டடம் கட்டி, 2018 முதல் யாதெகார் அசிசி வரைந்த வட்டச் சுற்றோவியத்தையும் பலிபீடத்தின் சில மூலச் சிற்பங்களையும் வைத்திருக்கிறார்கள். கிரேக்க, ரோமானியச் சிற்பங்கள் ஆல்டெஸ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆனால் உங்கள் ஆய்வுக்கு உண்மையில் வேண்டியது பெர்கமோன் அல்ல, அதே தீவின் முனையில் நிற்கும் போடே மியூசியம். நாணயச் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். போடே 2006 இலேயே திருத்தி முடிந்து திறந்துவிட்டது. ரோமப் பேரரசர்கள் திபேரியஸ், நீரோ ஆகியோரின் வெட்டு விழாத காசுகளை அங்கே பார்த்துவிட்டு லண்டனுக்குப் போனால், வெட்டு விழுந்ததோடு ஒப்பிட வசதியாக இருக்கும் அல்லவா? அவர்களுடைய பட்டியல் இணையத்திலும் இருக்கிறது. எந்தக் காசு வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நூலகத்துக்கு: தீவின் மறுகரையில் தொல்லியல் மையம் என்று 2012 இல் ஒன்று திறந்தார்கள், தீவிலுள்ள பல அருங்காட்சியகங்களின் நூலகங்கள் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பக்கத்திலேயே ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் கிரிம் நூலகம். கொஞ்சம் நடந்தால் உன்டர் டென் லின்டன் தெருவில் அரச நூலகம். அந்த அரச நூலகத்தைத்தான் இப்படியான வேலைகளுக்கு நல்ல முன்மாதிரி என்று நான் நினைக்கிறேன். போரில் குண்டு விழுந்து அதன் நடு வாசிப்பு மண்டபம் போய்விட்டது. திருத்த வேலை பதினைந்து வருடத்துக்கு மேல் நடந்து 2021 ஜனவரியில்தான் முடிந்தது. ஆனால் முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்காமல், 2013 இலேயே புதிய வாசிப்பு மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். மற்றப் பக்கத்தில் துளையிடும் சத்தம் கேட்கத்தான் செய்தது. அதைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கலாம், கதவு மூடியிருந்தால் வாசிக்க முடியாது.

வரும்போது சொல்லுங்கள், தங்குவதற்கு யாராவது தமிழ்க் குடும்பத்தில் ஒழுங்கு செய்யலாம்.


நெடுவழி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். பிரிட்டிஷ் மியூசியம் படங்களை எல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறது, ஆய்வுக்கு இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தத் திருட்டுக்குப் பிறகு மொத்தத் தொகுப்பையும் ஐந்து வருடத்தில் இணையத்தில் ஏற்றப் போவதாகவும் அறிவித்தார்கள். பழைய கட்டுரைகள் எல்லாம் வருடிப் போட்டுக் கிடைக்கின்றன. கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு இவ்வளவு செலவு செய்து போவதற்குப் பதில் அந்தப் பணத்தில் இங்கேயே களப்பணி செய்யலாமே. குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.


வெள்ளாறு எழுதியது:

நியாயமான கேள்விதான். படங்களை வைத்துத்தான் இரண்டு வருடம் வேலை செய்தேன். பிரச்சினை என்னவென்றால் காசுப் படத்தை நேர் மேலிருந்து, நிழல் விழாமல் எடுப்பார்கள், எழுத்தும் முகமும் தெளிவாகத் தெரிய அதுதான் சரி. ஆனால் வெட்டைப் படிக்க நிழல் வேண்டும். உளி இறங்கும்போது தங்கம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பிசிறாக நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால்தான் அந்தப் பிசிறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும். அதை வைத்து வெட்டியவர் காசை எப்படித் திருப்பி வைத்து வெட்டினார், எல்லாக் காசையும் ஒரே உளியால்தான் வெட்டினார்களா, ஒரே ஆள் ஒரே மூச்சில் செய்ததா அல்லது பல வருடங்களாகச் சேர்ந்ததா என்று ஏதாவது சொல்ல முடியும். எங்கள் ஊர் ஆசாரி ஒருவரிடம் பித்தளைத் தகட்டில் வெட்டிக் காட்டச் சொல்லிப் பழகியிருக்கிறேன். அவர் பிசிறைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே வலது கையா இடது கையா என்று சொல்கிறார். படத்தில் எதைத் தடவுவது?

1898 இல் இந்தப் புதையலைப் பற்றி பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணய அறிஞர் ஜி. எஃப். ஹில் எழுதிய கட்டுரையை வரிக்கு வரி படித்திருக்கிறேன். அவர் காசைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார் என்பது படிக்கும்போதே தெரிகிறது. கருக்காக்குறிச்சிக்குப் பக்கத்தில் பிறந்த நான் ஒரு காசையும் கையில் எடுத்ததில்லை.


திருச்சி வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் கடைசி வரியைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். போய் வாருங்கள்.

என் அனுபவத்தில் மூடுவதைவிட, மூடுவதை எப்போது சொல்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். வத்திக்கான் நூலகத்தை 2007 ஜூலையில் மூன்று வருடத்துக்கு மூடினார்கள். கட்டடம் பலவீனமாகிவிட்டது, மூடாமல் முடியாது. ஆனால் அறிவிப்பு சில மாதங்களுக்கு முன்தான் வந்தது. உலகம் முழுவதிலுமிருந்து கிரேக்க, லத்தீன் ஏடுகளைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பாதி வேலையில் அடித்துப் பிடித்துக்கொண்டு ரோமுக்கு ஓடினார்கள், கடைசி வாரங்களில் வாசிப்பு மண்டபத்தில் இடம் கிடைக்கவில்லை. என் நண்பர் ஒருவர் அப்போது ஒரு லத்தீன் ஏட்டை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி ஏட்டோடு நின்றுபோய், மீதியை 2010 செப்டம்பரில் திறந்த பிறகுதான் முடித்தார். அங்கே சுமார் 80,000 ஏடுகள் இருக்கின்றன, அவருக்கு வேண்டியது ஒன்று.

அந்த மூன்று வருடம் பலரைக் காப்பாற்றியது அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். 1950களில் வத்திக்கான் ஏடுகளில் பல்லாயிரத்தை நுண்படச் சுருளில் எடுத்து அங்கே வைத்திருந்தார்கள். எப்போதோ யாரோ செய்து வைத்த நகல்தான், கதவு மூடிய நாளில் உதவியது. அதனால் நெடுவழி சொன்னதையும் நான் தள்ளவில்லை. நகல் நகலுக்கான வேலையைச் செய்யும். பிசிறைப் பார்க்க மட்டும் அது போதாது.

நம் ஊரிலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கூடத்தை மூடுகிற அன்றைக்கே, எதற்காக மூடுகிறோம், உத்தேசமாக எத்தனை மாதம், உள்ளே இருந்தவை எங்கே போயிருக்கின்றன, ஆய்வாளர் யாரிடம் எழுத வேண்டும் என்று நான்கு வரி எழுதி ஒட்டினால் போதும். அதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். இரவெல்லாம் பேருந்தில் வந்த பிள்ளை தேதி இல்லாத தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பியது என்று படிக்க வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. பெர்லினில் ஒரு வாரம் என்றால் அதில் இரண்டு நாளை வியன்னாவுக்கு ஒதுக்கப் பாருங்கள். ரயிலில் போய்விடலாம். பழைய சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து போன சரக்கைப் பற்றிய பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் அங்கே ஆஸ்திரிய தேசிய நூலகத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு பக்கம் சரக்கைக் கொண்டுபோவது பற்றிய ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. உங்கள் ஊர்க் காசு ஏன் இந்தப் பக்கம் வந்தது என்பதற்குப் பாதிப் பதில் அந்தத் தாளில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் கெடும் பொருள், ஆகவே நினைத்த நேரம் பார்க்க முடியாது, முன்பே எழுதிக் கேளுங்கள்.


ஈஸ்ட்ஹாம் வாசகி எழுதியது:

சரி, நூலக விஷயம். வாத்தியார் ஐயா சொன்ன நான்கு வரித் தாளை நான் அப்படியே ஆமோதிக்கிறேன்.

நீ சொல்வது லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் செவ்வியல் ஆய்வு நிறுவன நூலகம். கிரேக்க ஆய்வுக்கான ஹெலெனிக் சொசைட்டி 1879 இல் தொடங்கியது, ரோமன் சொசைட்டி 1910 இல், இரண்டின் நூலகமும் அந்த நிறுவனத்தின் நூலகமும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. வெளியார் போகலாம். அந்தச் சங்கங்களில் உறுப்பினராகச் சேர்ந்தாலும் நூலகத்தைப் பயன்படுத்தலாம், மாணவர்களுக்குச் சந்தா குறைவு. நான்கு வாரம் தங்குகிறாய் என்றால் சேர்ந்துவிடு, ஒவ்வொரு நாளும் வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உன் வழிகாட்டியிடம் பல்கலைக்கழகத் தாளில் ஒரு கடிதம் வாங்கி வை. கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் இருக்கட்டும். பிரிட்டிஷ் லைப்ரரி வாசகர் அட்டைக்குக் கையெழுத்துள்ள சான்று ஒன்று, வீட்டு முகவரிச் சான்று ஒன்று என்று இரண்டு கேட்பார்கள். முகவரி இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. நம் ஆட்கள் பாஸ்போர்ட்டில் ஒரு முகவரி, வங்கித் தாளில் ஒரு முகவரி வைத்துக்கொண்டு வந்து அங்கே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுக்குகளை இடம் மாற்றும் காலத்தில் என்ன ஆகும் என்று கேட்டாய். நான் படித்த ஒரு நூலகத்தில் ஒரு முழுப் பருவம் இப்படி நடந்தது. அடுக்குகளைத் தரையிலிருந்து கூரை வரை பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரத்தில் நாடா ஒட்டியிருந்தார்கள். உள்ளே நூல்களின் முதுகு மங்கலாகத் தெரியும், எழுத்தைப் படிக்க முடியாது. சீட்டில் எழுதிக் கொடுத்தால் காலை ஒரு தரம், மதியம் ஒரு தரம் எடுத்துக் கொடுத்தார்கள். கேட்ட நூல் வந்தது. ஆனால் கேட்கத் தெரியாத நூல் வரவில்லை. திறந்த அடுக்கில் ஒன்றைத் தேடிப் போய்ப் பக்கத்தில் இருப்பதைக் கையில் எடுத்துக்கொண்டு வருவோமே, என் ஆய்வில் பாதி அப்படிக் கிடைத்ததுதான், அது அந்தப் பருவம் முழுக்க இல்லை. வார்பர்க் நிறுவனம் நூல்களை அடுக்குவதே அந்தப் பக்கத்து நூலுக்காகத்தான். 1933 இல் ஹாம்பர்க்கிலிருந்து கப்பலில் லண்டனுக்கு வந்த நூலகம் அது. அவர்கள் கட்டடத்தைப் புதுப்பித்து 2024 இல் முடித்தார்கள், உன் தலைப்புக்கும் அங்கே நிறைய இருக்கும், இரண்டு நாள் ஒதுக்கு.

அதனால் மூடிய அடுக்குக்குப் போவதாக இருந்தால் வீட்டிலிருந்தே பட்டியல் தயாராக வேண்டும். நூலின் பெயர் மட்டும் போதாது, அந்த நூலகத்தின் அழைப்பு எண்ணோடு. அதைத் தாளிலும் எழுதி வைத்துக்கொள். இது ஏன் என்றால் 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் லைப்ரரியின் கணினிகளை இணையத் தாக்குதல் முடக்கிப்போட்டது. கட்டடம் அப்படியே இருந்தது, நூல்கள் அப்படியே இருந்தன, பட்டியல் இல்லை. அடுத்த ஜனவரி வரை இணையப் பட்டியலே திரும்பி வரவில்லை.


வெள்ளாறு எழுதியது:

அக்கா, அண்ணா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. தேதியை மாற்றவில்லை. நேற்று இரவு உட்கார்ந்து பதிவு எண்களை எடுத்தேன், முதல் பட்டியலில் நாற்பது காசு. லண்டனுக்கு எழுத ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன், பொருளை மட்டும் தமிழில் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

‘நான் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஆய்வாளர். 1898 இல் எங்கள் மாவட்டத்தில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் உள்ள உளிவெட்டை ஆராய்கிறேன். இணைத்துள்ள பட்டியலிலுள்ள நாற்பது காசுகளை மே மாதத்தில் நான்கு நாள்கள் பார்க்க அனுமதி வேண்டுகிறேன். வெட்டின் நீளம், ஆழம், திசை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுக்கவும் அனுமதி வேண்டும். அந்தக் காலத்தில் கட்டட வேலையால் ஆய்வு அறையில் மாற்றம் ஏதும் இருக்குமானால் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

இதில் என் மாவட்டத்தைச் சொல்வது தேவையா என்று வழிகாட்டி கேட்டார். எனக்கு அது இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.


ஈஸ்ட்ஹாம் வாசகி எழுதியது:

இருக்கட்டும், எடுக்காதே. முதல் வரியிலேயே இருக்கட்டும்.

இரண்டு திருத்தம் மட்டும். ‘மே மாதத்தில்’ என்று விடாமல் மூன்று தேதித் தொகுதி கொடு, எது அவர்களுக்குத் தோதோ அதைச் சொல்லட்டும். கடைசி வரியில், மாற்றம் இருந்தால் தெரிவிக்கச் சொல்வதோடு நிற்காதே. அப்படி ஆனால் இந்தப் பட்டியலில் முதல் பத்துக் காசையாவது வேறு இடத்தில் வைத்துப் பார்க்க முடியுமா என்றும் கேள். முழுவதும் இல்லை என்று சொல்வதைவிடப் பத்துக்குச் சரி என்று சொல்வது யாருக்கும் எளிது. பதில் வந்ததும் அச்செடுத்துக் கையில் வை, கிளம்புவதற்குப் பத்து நாள் முன் ஒரு தரம், முந்தின நாள் ஒரு தரம் எழுதி உறுதி செய். தொந்தரவாக நினைப்பார்களோ என்று தயங்காதே.

அப்புறம் பென்சில் மட்டும் கொண்டு வா, ஆய்வு அறைகளில் பேனாவை வெளியே வைக்கச் சொல்வார்கள். லென்ஸ் உன்னுடையதையே கொண்டு வா, கை பழகியது. பையை வைக்கிற லாக்கருக்குச் சில இடங்களில் ஒரு பவுண்டு காசு போட வேண்டியிருக்கும். ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும், திரும்ப எடுக்கும்போது வந்துவிடும்.